கசிவுக் கட்டத்தில் நான் போட்ட மூன்று டிக்

1. வாயைத் திறக்காதே

இந்த வேலையில் சேர்ந்த முதல் நாள், கையில் எழுதுகிற அட்டையும் ஒரு ஸ்டாப்வாட்சும் கொடுத்து, "வயலுக்குப் போனா வாயைத் திறக்கவே கூடாது" என்றார்கள். போயும் போயும் என்னிடம் இதைச் சொல்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அரூர்ப் பக்கத்துக்காரி. நான் தூங்கினால்தான் எங்கள் வீட்டில் மற்றவர்களுக்குப் பேச வாய்ப்பு வரும் என்று என் அண்ணன் கேலி செய்வான்.

நான் படித்தது லேப் டெக்னீஷியன் படிப்பு. பதினெட்டு வருடம் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்தேன். கைக்குழந்தை, நரம்பே தெரியாத குண்டு மனிதர், ஊசியைக் கண்டு மயங்கி விழும் போலீஸ்காரர் என்று யார் வந்தாலும் ஒரே குத்துதான். அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன். அதற்குப் பிறகுதான் இந்த ஆராய்ச்சி வேலைக்கு வந்தேன். பூச்சிமருந்து அடிக்கிற கூலியாட்களின் உடம்பில் மருந்து எவ்வளவு ஏறுகிறது, அது என்ன செய்கிறது என்று பார்க்கிற வேலை. இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நானே பயிற்சி கொடுக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேலை இரண்டு வகை. ஒன்று ரத்தம். நம் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. நரம்பு தசைக்குப் போடுகிற உத்தரவை வேலை முடிந்ததும் நிறுத்துவது இந்த வகை நொதிதான். சில பூச்சிமருந்துகள் அதை முடக்கிவிடும். நிறுத்த ஆளில்லாமல் போனால் வேர்த்துக் கொட்டும், எச்சில் ஊறும், பார்வை மங்கும், மிஞ்சினால் மூச்சே நின்றுபோகும். நொதியின் அளவு ஆளுக்கு ஆள் வேறு. அதனால் சீசன் தொடங்குமுன் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு எடுப்பதை அதோடு ஒப்பிட வேண்டும். முதலில் எடுப்பதற்குப் பெயர் பேஸ்லைன்.

இரண்டாவது வேலை, மருந்தடிக்கும்போது வரப்பில் நின்று பார்த்து எழுதுவது. ஃபாரத்தில் கட்டங்கள் இருக்கும். கையுறை உண்டா, முகத்தில் துணி உண்டா, காற்றுக்கு எதிரே அடிக்கிறாரா, மருந்து பீய்ச்சும் நாசில் அடைத்தால் வாயால் ஊதினாரா, முதுகில் மாட்டுகிற டேங்கில் கசிவு உண்டா. ஆம், இல்லை. டிக் போட வேண்டும். அவ்வளவுதான்.

ஏன் பேசக் கூடாது என்று நான் கேட்டேன். புராஜெக்ட்டை நடத்திய டாக்டர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"பத்மா, நீங்க போய் 'இப்படிச் செய்யாதீங்க'ன்னு சொன்னா, உங்க எதிர்ல மட்டும் ஒழுங்கா அடிப்பாங்க. அப்புறம் நாம அளக்கிறது அவங்க வேலையை இல்ல, உங்க லெக்சரை. தினமும் எப்படி அடிக்கிறாங்களோ அப்படியே பார்க்கணும். கடைசில எல்லாருக்கும் சேர்த்து ஒரு வகுப்பு வெச்சிடலாம்."

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் அதில் பாதி நியாயம் இருக்கிறது என்பேன். மீதிப் பாதியைத்தான் மாதுவிடம் கற்றுக்கொண்டேன்.

2. "நீங்க சொன்னா சரிங்க"

காரிமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் ஒரு சாமந்தி ஊர். ஆயுத பூஜைக்குப் பூ வெட்ட வேண்டும் என்றால் அதற்கு முந்தைய வாரங்களில் மருந்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இலைப்பேன், புழு, கருகல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டில். நிலம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தாங்களே அடிப்பதில்லை. டேங்க் கணக்கில் கூலிக்கு அடிப்பதற்கென்று ஊரில் நாலைந்து பேர் இருந்தார்கள். அதில் கைதேர்ந்தவர் மாது. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஒல்லி. டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்தால் ஒரு செடி மிதிபடாது.

சம்மதம் கேட்கிற கன்சென்ட் ஃபாரத்தை அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து முழுவதும் படித்துக் காட்டினேன். மூன்று பக்கம். "இந்த ஆய்வில் பங்கேற்பது தங்கள் சுய விருப்பத்தைப் பொறுத்தது, இதனால் தங்களுக்கு நேரக்கூடிய இடர்பாடுகள்" என்று போகும் அது. எழுதியவருக்கே ஒருமுறை படித்தால் புரியாது. மாது தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி காவேரி எட்டாவது வரை படித்தவர். அவர் மட்டும் குறுக்கே கேட்டார்.

"ஏங்க மேடம், ரத்தத்துல ஏதாச்சும் இருந்தா சொல்லுவீங்களா?"

"சொல்லுவோம்ங்க. ஆய்வு முடிஞ்சதும் ரிசல்ட் எல்லாருக்கும் வரும்."

"அதுக்கு நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் ஆகாதுங்க. நாங்கதான் கூடவே இருக்கோம்ல."

இதை நான் சொன்னேன். ஃபாரத்தில் இல்லாத வார்த்தை. ஆறுதலாக இருக்கட்டும் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். மாது, "நீங்க சொன்னா சரிங்க" என்று சிரித்தபடி மைப் பெட்டியில் கட்டைவிரலை அழுத்திக் கைநாட்டு வைத்தார். பேஸ்லைன் ரத்தம் எடுத்தேன். ஒரே குத்து. டியூபில் பதினேழு என்று நம்பர் ஒட்டினேன். பெயர் எழுதக் கூடாது, நம்பர் மட்டும்தான். அந்த ஊரில் கேட்ட அத்தனை பேரும் கைநாட்டோ கையெழுத்தோ வைத்துவிட்டார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. ஆபீஸில் என்னைப் பாராட்டினார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஒருவர்கூட மறுக்காத இடத்தில் ஏதோ சரியில்லை என்று சந்தேகப்படும் புத்தி அப்போது எனக்கு இல்லை.

3. மூன்று டிக்

முதல் முறை போனபோதே பார்த்துவிட்டேன். மாதுவின் டேங்க் மூடியில் ரப்பர் வாசர் இல்லை. குனிந்து நிமிரும்போதெல்லாம் மூடி ஓரமாக மருந்துத் தண்ணீர் வழிந்து முதுகில் இறங்கியது. சட்டை முதுகோடு ஒட்டி, இடுப்பு வரை நனைந்துவிட்டது. நாசில் அடைத்தது. வாயில் வைத்து ஊதினார், துப்பினார், மறுபடி அடித்தார்.

ஊதுதல், ஆம். கசிவு, ஆம். டிக் போட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும், அது எனக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும். அந்த வாசர் கோளாறு எனக்கு அத்துப்படி. எங்கள் அப்பாவின் டேங்கிலும் அதேதான் போகும். பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி மூடிக்குள் வைத்துத் திருகிவிடுவார். ஒரு கத்தரிக்கோல் இருந்தால் இரண்டு நிமிட வேலை. என் பையில் பஞ்சு ரோல் வெட்டுகிற கத்தரிக்கோல் இருந்தது. ஊருக்குள் சைக்கிள் டியூபுக்கா பஞ்சம்? எனக்கு நாக்கு துறுதுறுத்தது. முதல் நாள் சொன்னது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். அடக்கிக்கொண்டதற்கு என்னை நானே மெச்சியும் கொண்டேன். பார்த்தாயா, வாயாடி என்றார்களே, எவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறாய் என்று.

இரண்டாம் முறை போனபோதும் அதே டேங்க், அதே கசிவு. அன்று மாது வரப்பில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க மாது?"

"ஒண்ணுமில்லீங்க மேடம். சூடு. தலை பாரமா இருக்குது. மோர் குடிச்சா சரியாப் பூடும்."

அறிகுறிக் கட்டத்தில் "தலைவலி" என்று எழுதினேன். கசிவு, ஆம். அன்றைக்கு எடுக்க வேண்டிய நடு சீசன் ரத்தத்தையும் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

மூன்றாம் முறை அவர் என்னைப் பார்த்துக் கை தூக்கிச் சிரித்தார். நான் போனால் அவருக்கு ஒரு உற்சாகம். டேங்கைத் தூக்கிக்கொண்டு நேரே நான் நிற்கிற வரப்பு ஓரமாகவே அடித்துக்கொண்டு வந்தார். ஸ்டாப்வாட்சை அமுக்கினேன். கசிவு, ஆம்.

மூன்று டிக்கும் அழகான டிக். கோடு தாண்டாமல், கட்டத்துக்குள், நீல மையில்.

4. பதினேழாம் நம்பர்

ரத்தம் எல்லாம் நகரத்து லேபுக்குப் போய், மொத்தமாகச் சேர்ந்த பிறகுதான் மெஷினில் போடுவார்கள். நொதி ஆபத்தாகக் குறைந்தால் தெரிவிக்கப்படும் என்று ஆய்வு விதிகளான புரோட்டோகாலில் ஒரு வரி இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் ரிசல்ட்டே தாமதமாக வந்தால் அந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதை யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

ஒரு நாள் காலை, தர்மபுரி ஆபீஸில் என்னைக் கூப்பிட்டு, வந்திருக்கிற எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள். யார் எந்த நம்பர் என்ற பதிவேடு டாக்டரின் பீரோவில் பூட்டியிருந்தது. எனக்கு எதற்குப் பதிவேடு? ஊசி குத்திய கை எனக்கு மறக்காது. பதினாறு சரி. பதினேழு வந்ததும் கை நின்றது. பேஸ்லைனில் இருந்ததில் பாதிகூட இல்லை. தப்பாக அடித்துவிட்டேனோ என்று இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தப்பில்லை.

இது அவருக்குத் தலை பாரமாக இருந்த அன்று எடுத்த ரத்தம். அதற்குப் பிறகும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார். நானே பார்த்தேனே, டிக் போட்டேனே. பூ வெட்ட இன்னும் நாள் இருந்தது. அதுவரை அடிப்பார்.

வெளியூரில் இருந்த டாக்டருக்குப் போன் போட்டேன்.

"சார், பதினேழு விழுந்துடுச்சு சார். பாதிக்குக் கீழ."

"மறுபடி ஒருதடவை மெஷின்ல போடச் சொல்லலாம். கன்ஃபர்ம் பண்ணாம பயமுறுத்தக் கூடாது."

"சார், அவர் இன்னிக்கும் அடிப்பார்."

"அந்த நம்பர் யாருன்னு திறந்து சொல்லணும்னா நெறிமுறைக் கமிட்டிக்கு எழுதணும், பத்மா. நான் திங்கட்கிழமை வர்றேன். நீங்களா எதுவும் செஞ்சுடாதீங்க."

அன்று வியாழக்கிழமை. போனை வைத்தேன். பையை எடுத்தேன். காரிமங்கலம் பஸ் நின்றுகொண்டிருந்தது.

5. "எறக்குங்க!"

நான் போய்ச் சேர்ந்தபோது மாது கிணற்றடியில் டேங்கை நிரப்பி, முதுகில் ஏற்றி, பெல்ட்டைச் சரி செய்துகொண்டிருந்தார். வயலுக்குள் கால் வைக்கப் போகிறார். நான் ரோட்டிலிருந்தே கத்தினேன்.

"மாது! எறக்குங்க! டேங்கை எறக்குங்க!"

ஊரே திரும்பிப் பார்த்திருக்கும். பக்கத்து நிலத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்த காவேரியும் ஓடி வந்தார். மாது ஒன்றும் புரியாமல் டேங்கை இறக்கினார்.

"என்னாங்க மேடம், இன்னிக்கி எழுதற நாள் இல்லியே?"

கிட்டே போய் முகத்தைப் பார்த்தேன். நிழலில் நின்றிருந்தும் கண்ணின் பாவை கடுகு மாதிரி சுருங்கியிருந்தது. வேர்வை. வாயில் ஊறிய எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தார். ராத்திரியில் கால் தசை தானாகத் துடிக்கிறது என்றும், பீடிக்கட்டில் போட்டிருக்கிற படம்கூடக் கலங்கித் தெரிகிறது என்றும் காவேரி சொன்னார். எத்தனை நாளாக என்றேன். பத்து நாளுக்கு மேலாக என்றார்.

ரத்தத்தில் என்ன வந்திருக்கிறது என்று நேராகச் சொன்னேன். மருந்து முதுகு வழியாக ஏறியிருக்கிறது, இந்த டேங்க் ஒழுகுகிறது, இப்படியே அடித்தால் ஒரு நாள் வயலிலேயே விழுந்துவிடுவீர்கள், இப்போதே சட்டையைக் கழற்றி சோப்புப் போட்டுக் குளியுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

மாது டேங்க் மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அக்கா," என்றார். அதுவரை மேடம் என்றவர் அன்றைக்குத்தான் அக்கா என்றார். "இந்த டேங்கு அப்பலேருந்தே ஒழுவுதுங்க. நீங்க பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"மின்னயெல்லாம் கொஞ்சம் பயமாத்தாங்க இருக்கும். முதுகு நனைஞ்சா எறக்கி வெச்சிடுவேன், தண்ணி ஊத்திக் கழுவிக்குவேன். நீங்க வர ஆரமிச்சப்புறம் பயமே இல்லீங்க. படிச்சவங்க, ரத்தமெல்லாம் எடுத்துப் பாக்கறவங்க, எதிர்லயே நின்னு எழுதறாங்க. தப்பா இருந்தா சொல்லமாட்டாங்களா? ஒண்ணும் சொல்லல, அப்ப சரிதான்னு அடிச்சிக்கிட்டே இருந்தேன்."

காவேரி பக்கத்தில் நின்றிருந்தார். நடுவில் என்ன ஆகும் என்று அன்றைக்கே கேட்டவர் அவர்தான். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. இந்த வார்த்தைக்கு இதைவிட நயமான வார்த்தை எனக்குத் தெரியாது.

எவ்வளவு பெரிய தப்பு! அவர் வழக்கமாக எப்படி அடிக்கிறாரோ அது மாறக் கூடாது என்றுதானே வாயை மூடிக்கொண்டு நின்றேன்? என் வாய் மூடியிருந்ததே அவர் வழக்கத்தை மாற்றிவிட்டது. நான் வராமல் இருந்திருந்தால் அவர் முதுகைக் கழுவியிருப்பார்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். உடனே படுக்கையில் போட்டு மருந்து ஏற்றினார்கள். நல்ல வேளை, மூச்சு வரை போகவில்லை. நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பி, நொதி பழைய அளவுக்கு ஏறும் வரை மருந்து பாட்டில் பக்கமே போகக் கூடாது என்றார்கள். அந்தச் சீசனில் அவர் பூவுக்குத் தண்ணீர் கட்டுகிற வேலைக்குப் போனார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே நான் பழைய டியூப் ஒன்றைத் தேடிப்பிடித்து, ஊரில் மருந்தடிக்கிற மற்ற ஆட்களின் டேங்குகளையும் பார்த்தேன். இன்னும் இரண்டில் வாசர் இல்லை. வெட்டிப் போட்டேன். புரோட்டோகாலை மீறினால் ஒழுங்காக மீற வேண்டும் என்பது என் கட்சி.

6. கமிட்டி

திங்கட்கிழமை டாக்டர் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபம்.

"நீங்க செஞ்சதால அந்த ஊர் டேட்டாவே போச்சு. இந்த ஒரு ஊர்ல நீங்க வாசர் போட்டுட்டீங்க. நாம பார்க்காத ஊர் எத்தனை? அங்கெல்லாம் என்ன நடக்குதுன்னு இனி யார் சொல்றது?"

"பார்க்காத வயலுக்கு நான் என்ன சார் செய்ய முடியும்? பார்த்த வயலுக்கு நான்தான் பொறுப்பு."

"அது உணர்ச்சி, பத்மா."

"இருக்கட்டும் சார். ஆனா ஒரு கணக்கு சொல்றேன். நாம நின்னு பார்த்ததால அவர் முதுகைக் கழுவறதை விட்டுட்டார். அப்போ நாம அளந்தது அவர் வழக்கமா அடிக்கிறதையா? நம்மளை நம்பி அடிச்சதையா? டேட்டா நான் பேசினதால போகல சார். பேசாம நின்னப்பவே போயிடுச்சு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. விவசாயிக்கு நல்லது நடக்க வேண்டுமென்றுதான் இந்த ஆராய்ச்சியையே தொடங்கினார். நல்லது பிறகு நடக்கும், இப்போது எழுது என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒழுகுகிற டேங்கை வரப்பில் நின்று பார்த்தது அவர் இல்லை, நான். அதனால் இந்தத் தப்பில் என் பங்கு அவர் பங்கைவிடப் பெரியது.

நெறிமுறைக் கமிட்டி முன்னால் விளக்கம் கொடுக்கச் சொன்னார்கள். நான் போனேன். விதிமீறல் என்று எழுதுவதற்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள். தாராளமாக எழுதுங்கள், கூடவே அந்த மூன்று டிக்கையும் எழுதுங்கள் என்றேன். என் பக்கம் பேசியவர், நான் எதிர்பார்க்கவே இல்லை, எங்கள் டாக்டர்தான். அதற்குப் பிறகு புரோட்டோகால் மாறியது. ரத்தத்தை மொத்தமாகச் சேர்த்து வைக்கக் கூடாது, எடுத்த வாரமே பார்க்க வேண்டும். விழுந்திருந்தால் அன்றைக்கே ஆளிடம் சொல்ல வேண்டும், மருந்திலிருந்து விலக்க வேண்டும். வயலில் ஆபத்தைப் பார்த்தால் முதலில் நிறுத்த வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். இந்த விதிகளின்படி வேலை செய்தும் ஆராய்ச்சி நடக்கத்தான் செய்கிறது. எண்கள் வரத்தான் செய்கின்றன.

7. மை

அடுத்த வருடம் புதிய ஃபாரத்தோடு அதே ஊருக்குப் போனேன். இந்த முறை பேச்சுத் தமிழில் நானே எழுதிய ஒரே பக்கம். மாது வேண்டாம் என்று சொன்னால் நியாயம் என்ற முடிவோடுதான் போனேன். ஊரில் இரண்டு பேர் மறுத்தும் விட்டார்கள். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

மாது மறுபடி மருந்தடிக்க ஆரம்பித்திருந்தார். டேங்க் புதிது. ஃபாரத்தைக் காவேரியிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். காவேரி படித்து முடித்தார்.

"அக்கா, எல்லாம் சரிங்க," என்றார் மாது. "நான் ரத்தம் குடுக்கணும், சொல்ற நாள்ல இருக்கணும், எல்லாம் போட்டிருக்குது. நீங்க என்னா குடுக்கறீங்க? அது இதுல எங்க இருக்குது?"

"ஆபத்துன்னா சொல்லுவோம்னு விதியில இருக்குங்க."

"விதி உங்க ஆபீஸ்ல இருக்குது. என் கையில இருக்கற தாள்ல இல்லியே?"

பேனாவை எடுத்து அவர் தாளின் அடியில் எழுதினேன். 'ஆபத்து என்று கண்டால் அந்த நிமிசமே வாயைத் திறந்து சொல்லுவேன்.' காவேரி அதை இரண்டு முறை படித்தார். நான் கையெழுத்துப் போடக் குனிந்தேன். மாது மைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்து நெறைய போட்டிருப்பீங்க. எங்களாட்டம் வைங்க."

கட்டைவிரலை அழுத்தி வைத்தேன். காவேரி தாளை மடித்து ரேஷன் கார்டு வைத்திருக்கிற கவருக்குள் போட்டார். அதன் பிறகுதான் மாது எங்கள் ஆபீஸ் தாளில் வைக்கத் தன் விரலை மையில் நனைத்தார்.

இன்றைக்கும் எங்கள் ஃபாரத்தில் இரண்டு கைநாட்டுக்கு இடம் இருக்கிறது. முதல் இடம் ஆராய்ச்சி செய்கிறவருக்கு. புதிதாக வருகிற பிள்ளைகள் முதல் நாள், "என்ன மேடம், எம்.எஸ்.சி. படிச்சுட்டு கைநாட்டா?" என்று சிரிப்பார்கள். நான் சைக்கிள் டியூப் துண்டையும் கத்தரிக்கோலையும் அவர்கள் பையில் போட்டுவிட்டு, மைப் பெட்டியைத் திறந்து அவர்கள் பக்கம் தள்ளுகிறேன்.